கணவருக்கு எழுதப்பட்ட ஸ்கேன், மனைவிக்குத் தேவைப்பட்ட ஸ்கேன்: இதய அணுக்கருப் படப் பரிந்துரை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இதயத் தசைக்கு இரத்தம் போதிய அளவு சென்று சேருகிறதா என்பதைக் கதிரியக்க மருந்தின் துணையால் படம் பிடிக்கும் பிரிவு ஒன்றில் மருத்துவராகப் பணிபுரிகிறேன். கீழே பதிவு செய்திருப்பது ஒரே வீட்டைச் சேர்ந்த கணவன், மனைவி இருவரைப் பற்றியது. மற்றவர்கள் படிக்கும்படி இதை எழுத இருவரும் இசைவு தந்திருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

கணவருக்கு வயது 66. 18 மாதங்களுக்கு முன் நெஞ்சு வலியோடு அனுமதிக்கப்பட்டு, வலது இதயத் தமனியில் இருந்த ஒரே ஒரு அடைப்புக்கு ஸ்டென்ட் வைக்கப்பட்டவர். மற்ற தமனிகளில் பொருட்படுத்தத்தக்க அடைப்பு எதுவும் அப்போது இல்லை. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் இரத்தத்தின் விகிதம், அதாவது இதயத்தின் வேலைத்திறன், எக்கோ என்ற ஒலி அலைப் பரிசோதனையில் 60 சதவீதமாக இருந்தது. மாத்திரைகளைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறார், கெட்ட கொழுப்பு 62 மில்லிகிராமில் நிற்கிறது, தினமும் 45 நிமிடம் வேகமாக நடக்கிறார். எந்தத் தொந்தரவும் இல்லை. அவருடைய இதய மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கான தொடர் கண்காணிப்புப் படிவத்தில் ‘ஆண்டுக்கு ஒரு முறை அணுக்கரு ஸ்கேன்’ என்று ஒரு வரி அச்சிடப்பட்டிருந்தது. அந்த வரியின் அடிப்படையில் எங்களிடம் அனுப்பப்பட்டார்.

மனைவிக்கு வயது 61. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உண்டு. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 38 மில்லிலிட்டராகக் குறைந்திருந்தது. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். அன்று அவர் நோயாளியாக வரவில்லை, கணவருக்குத் துணையாக வந்திருந்தார்.

முதல் நாளில் கவனித்தவை

பரிந்துரைச் சீட்டில் ‘இதயத் தமனி நோய், ஸ்டென்ட் வைத்தவர், ஸ்கேன் தேவை’ என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. பரிசோதனைக்கு முன் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, நடக்கும்போது என்ன ஆகிறது என்பதுதான். கணவர் பதில் சொல்லி முடித்ததும் மனைவி இடையில் சொன்ன வாக்கியத்தை அவர் சொன்னபடியே குறித்து வைத்தேன்: “அவரு நல்லாத்தான் நடக்கிறாரு டாக்டர், நான்தான் மேடு வந்தா நெஞ்ச இறுக்கிப் பிடிக்குதுன்னு பாதியில நின்னுடறேன்.”

தொடர்ந்து கேட்டபோது முழு விவரமும் கிடைத்தது. நான்கு மாதங்களாக மேட்டிலோ மாடிப்படியிலோ ஏறும்போது நடு நெஞ்சில் இறுக்கம் வருகிறது. சில வேளைகளில் தாடை வரை பரவுகிறது. நின்றுவிட்டால் மூன்று, நான்கு நிமிடங்களில் அடங்குகிறது. நடு நெஞ்சில் வருவது, உழைப்பால் வருவது, ஓய்வால் சில நிமிடங்களில் போவது என்ற மூன்று அடையாளங்களும் சேர்ந்திருந்தால் அதை இதயத் தமனிக் குறுக்கத்தால் வரும் வலி என்றே முதலில் கருத வேண்டும். ஓய்வில் வலி வந்ததில்லை, அண்மையில் கூடவும் இல்லை. ஆகவே உடனே அனுமதிக்க வேண்டிய நிலை அன்று இல்லை.

இந்த இறுக்கத்துக்காக ஏழு வாரங்களுக்கு முன்பே அவர் வேறொரு மருத்துவரைப் பார்த்திருக்கிறார். அங்கே டிரெட்மில் பரிசோதனை செய்யப்பட்டது. முழங்கால் வலியால் மூன்றே முக்கால் நிமிடத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று, இதயத் துடிப்பு 109-க்கு மேல் போகவில்லை. 220-இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணில் 85 சதவீதத்தையாவது எட்ட வேண்டும் என்பது நடைமுறை. அவருக்கு அது 135. அதை எட்டாத நிலையில் ‘முடிவு கூற இயலவில்லை’ என்று அறிக்கை தரப்பட்டது. நாளடைவில் அந்த வாசகம் ‘ஒன்றும் இல்லை’ என்று புரிந்துகொள்ளப்பட்டு, வயிற்று அமிலத்துக்கான மாத்திரையோடு அவர் வீடு திரும்பியிருக்கிறார்.

இதைவிட முக்கியமான ஒன்று அவர் கைப்பையில் இருந்தது. பழைய இசிஜி தாளில் இடது கிளைக் கடத்தல் தடை தெளிவாகத் தெரிந்தது. இதயத்தின் இடது பக்கத்துக்கு மின்தூண்டல் செல்லும் வழி தடைபட்டிருக்கும் இந்த நிலையில், உழைப்பின்போது இசிஜியில் வரும் மாற்றங்களை வைத்து இரத்த ஓட்டக் குறைவைக் கண்டறிய முடியாது. அதாவது, அந்த அம்மாள் பத்து நிமிடம் ஓடியிருந்தாலும் டிரெட்மில் தாள் எங்கள் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்காது. முழங்காலும் இடம் கொடுக்கவில்லை, இசிஜியும் இடம் கொடுக்கவில்லை. அணுக்கருப் படத்துக்கு அனுப்ப வேண்டியவர் யார் என்று பாடம் எடுத்தால் முதலில் சொல்லத்தக்க உதாரணம் அவர். ஆனால் துணைக்கு வந்தவருக்கான நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

முதல் முடிவு: கணவருக்கு ஸ்கேன் வேண்டாம்

அன்று கணவருக்குப் பரிசோதனையைத் தொடங்கவில்லை. அவருடைய இதய மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, இந்த ஸ்கேனின் முடிவு எப்படி இருந்தால் சிகிச்சையில் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, தொந்தரவு இல்லாதவரிடம் எதையும் மாற்ற மாட்டேன் என்று நேர்மையாகவே சொன்னார். படிவத்தில் அந்த வரி எப்போது, யாரால் சேர்க்கப்பட்டது என்பது அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

தொந்தரவு இல்லாதவர்களுக்கு ஸ்டென்டுக்குப் பிறகு வழக்கமாகச் செய்யும் பரிசோதனை பயன் தருகிறதா என்ற கேள்விக்கு 2022-இல் வெளியான ‘போஸ்ட்-பிசிஐ’ ஆய்வு நேரடியாக விடை தேடியது. ஸ்டென்ட் வைக்கப்பட்டவர்களில் ஆபத்துக் கூடுதலான 1,706 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் ஓராண்டு முடிவில் வழக்கமான பரிசோதனை செய்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் மரணம், மாரடைப்பு, நிலையற்ற நெஞ்சு வலிக்காக மருத்துவமனையில் சேர்வது ஆகியவற்றில் குழுக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எங்கள் நோயாளி அந்த ஆய்வில் இருந்தவர்களைவிடவும் எளிய நிலையில் இருந்தவர்.

பயன் இல்லாவிட்டாலும் தீங்கு இல்லையே என்று கேட்கலாம், கணவரும் கேட்டார். டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்தோடு உழைப்பு நிலை, ஓய்வு நிலை இரண்டையும் படம் எடுத்தால் உடல் ஏற்கும் கதிர்வீச்சு ஏறக்குறைய 10 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து ஒருவருக்கு ஓராண்டில் கிடைக்கும் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் என்பதால், நான்கு ஆண்டுகளின் அளவு ஒரே நாளில் சேர்கிறது. தேவை இருக்கும்போது தயங்காமல் ஏற்கத்தக்க அளவுதான் இது. தேவை இல்லாமல் ஆண்டுதோறும் சேர்ப்பது வேறு. இதைவிட எனக்குப் பெரிய கவலை தவறான நேர்மறை முடிவு. உதரவிதானத்தின் நிழல் விழுந்து இதயத்தின் கீழ்ச்சுவர் மங்கலாகத் தெரிவது ஆண்களில் அடிக்கடி நிகழ்வது. நோய் இருக்கும் வாய்ப்புக் குறைவான ஒருவரிடம் அப்படி ஒரு மங்கல் தெரிந்தால், அதைத் தொடர்ந்து தேவையற்ற ஆஞ்சியோகிராம் வரை போக நேரிடும்.

கணவர் இதை எளிதில் ஏற்கவில்லை. தன்னைப் போன்ற நண்பர்கள் இருவர் ஆண்டுதோறும் இந்த ஸ்கேன் எடுப்பதாகவும், தனக்கு மட்டும் மறுக்கப்படுவதாகவும் வருந்தினார். அந்த வருத்தம் நியாயமற்றது என்று நான் நினைக்கவில்லை. ஒரு முறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தவருக்குப் படம் ஒன்று தரும் ஆறுதலை வெறும் பேச்சு தந்துவிடாது. எந்தச் சூழலில் ஸ்கேன் செய்வோம் என்பதை எழுதிக் கொடுத்தோம்: புதிதாக நெஞ்சு இறுக்கமோ மூச்சிரைப்போ வந்தால், நடக்கும் திறன் காரணமின்றிக் குறைந்தால், எக்கோவில் இதயத்தின் வேலைத்திறன் குறைந்து காணப்பட்டால். அந்தத் தாளை வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது முடிவு: மனைவிக்கு எந்தப் பரிசோதனை

மனைவியை அவருக்கென ஒரு இதய மருத்துவரிடம் முறைப்படி அனுப்பினோம். அந்த மருத்துவரும் நானும் சேர்ந்து பேசிய கேள்வி, இத்தனை தெளிவான அறிகுறி உள்ளவரை நேராக ஆஞ்சியோகிராமுக்கே அனுப்பிவிடலாமே என்பது. அனுப்பியிருந்தால் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அறிகுறி நிலையாக இருந்தது, சிறுநீரகம் பலவீனமாக இருந்தது, நோயாளியும் குழாய் செலுத்தும் பரிசோதனைக்கு உடனே மனம் ஒப்பவில்லை. எந்தப் பகுதியில், எவ்வளவு தசை பாதிக்கப்படுகிறது என்று முதலில் தெரிந்தால் அடுத்த படிக்கு அது வழிகாட்டும் என்று கருதினோம். நல்ல முறையில் செய்யப்பட்ட ஸ்கேன் இயல்பாக இருந்தால் மாரடைப்பு அல்லது இதய மரணத்துக்கான வாய்ப்பு பொதுவாக ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. சர்க்கரை நோயும் சிறுநீரகக் குறைபாடும் உள்ளவர்களில் அது கூடுதலாக இருக்கும் என்பதையும் மறக்கவில்லை.

மற்ற பரிசோதனைகளையும் ஒவ்வொன்றாக எடைபோட்டோம். சிடி ஆஞ்சியோகிராமுக்கு, பலவீனமான சிறுநீரகத்துக்குச் சுமையாகக்கூடிய அயோடின் கலந்த சாயம் தேவை. தவிர, நீண்ட காலச் சர்க்கரை நோயிலும் சிறுநீரகக் குறைபாட்டிலும் தமனிச் சுவரில் சுண்ணாம்பு அதிகம் படிவதால் உட்குழாயின் குறுக்கத்தை அந்தப் படத்தில் அளவிடுவது கடினமாகிவிடும். மருந்து கொடுத்துச் செய்யும் எக்கோவில், கடத்தல் தடையாலேயே இதயத்தின் இடைச்சுவர் ஒழுங்கற்று அசைவதால் அதைப் படிப்பது சிரமம். அணுக்கரு ஸ்கேனில் அயோடின் சாயம் இல்லை, நோயாளி நடக்க வேண்டியதில்லை, இசிஜியை நம்பியும் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். 14 ஆண்டுச் சர்க்கரை நோய் மட்டுமே இருந்து, இறுக்கம் எதுவும் இல்லாதிருந்தால் இந்த ஸ்கேனை நான் பரிந்துரைத்திருக்க மாட்டேன். அறிகுறியற்ற சர்க்கரை நோயாளிகள் 1,123 பேரிடம் செய்யப்பட்டு 2009-இல் வெளியான ‘டயாட்’ (DIAD) ஆய்வில், அறிகுறி இல்லாமலேயே ஸ்கேன் செய்து பார்ப்பதால் மாரடைப்போ இதய மரணமோ குறையவில்லை. இவரை அனுப்பத் தூண்டியது மேட்டில் வந்த அந்த இறுக்கம்.

எந்த முறையில் இதயத்தைத் தூண்டுவது என்பதில்தான் உண்மையான சிக்கல் வந்தது. கடத்தல் தடை உள்ளவர்களில் உழைப்பாலோ டோபுடமின் மருந்தாலோ துடிப்பை வேகப்படுத்தினால், தமனியில் அடைப்பு இல்லாமலேயே இடைச்சுவரில் இரத்தம் குறைந்ததுபோல் படத்தில் தெரியும். அதனால் துடிப்பை அதிகம் கூட்டாமல் தமனிகளை விரிக்கும் அடினோசின் போன்ற மருந்தே ஏற்றது. ஆனால் அவருடைய பழைய கோப்பின் முதல் பக்கத்தில் ‘ஆஸ்துமா’ என்று எழுதியிருந்தது. மூச்சுக்குழல் சுருங்கும் தன்மை உள்ளவர்களுக்கு அடினோசின் ஆபத்தானது. ஒன்றைக் கடத்தல் தடை தடுத்தது, மற்றொன்றை ஆஸ்துமா தடுத்தது.

அந்தச் சொல்லின் வரலாற்றை விசாரித்தோம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் தொடங்கிய பிறகு ஓயாத வறட்டு இருமல் வந்திருக்கிறது. அப்போது யாரோ ஆஸ்துமா என்று குறித்திருக்கிறார்கள். மாத்திரை டெல்மிசார்டனாக மாற்றப்பட்டதும் இருமல் நின்றுவிட்டது. வீசிங் வந்ததில்லை, இன்ஹேலர் பயன்படுத்தியதில்லை. எனலாப்ரில் வகை மருந்துகளால் இப்படி இருமல் வருவது நன்கு அறியப்பட்டது. நினைவை மட்டும் நம்பாமல் நுரையீரல் செயல்திறன் பரிசோதனையும் செய்தோம். அது இயல்பாக இருந்தது. அதன் பிறகே அடினோசினைத் தேர்ந்தெடுத்தோம். எக்கோவில் பெருந்தமனி வால்வில் குறுக்கம் இல்லை, இதயத்தின் வேலைத்திறன் 52 சதவீதம்.

பரிசோதனையும் ஒரு தடங்கலும்

குறித்த நாளில் பரிசோதனை நடக்கவில்லை. காஃபின் அடினோசினின் செயலைத் தடுக்கும் என்பதால் 24 மணி நேரம் காபி, தேநீர் கூடாது என்று சொல்லியிருந்தோம். அதை அவர் கடைப்பிடித்தார். ஆனால் முதல் நாள் இரவு தலைவலிக்கு எடுத்துக்கொண்ட மாத்திரையில் காஃபின் கலந்திருந்தது. செவிலியர் மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்ததால் தெரிந்தது. பார்க்காமல் ஊசியைச் செலுத்தியிருந்தால் தமனிகள் முழுமையாக விரியாமல், குறைபாடு சிறிதாகவோ இல்லாததாகவோ படத்தில் தோன்றியிருக்கலாம். நான்கு நாள் தள்ளிவைத்தோம்.

இரண்டாம் முறை எல்லாம் ஒழுங்காக நடந்தது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 140 மைக்ரோகிராம் என்ற அளவில் ஆறு நிமிடம் அடினோசின் செலுத்தினோம். மூன்றாம் நிமிடத்தில் டெக்னீசியம் கலந்த செஸ்டாமிபி ஊசி போடப்பட்டது. இந்த மருந்து இரத்தம் சென்று சேரும் அளவுக்கேற்ப இதயத் தசை அணுக்களுக்குள் நுழைந்து தங்கிவிடும். டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம் என்பதால், ஊசி போட்ட கணத்தில் இருந்த இரத்த ஓட்டத்தை ஒரு மணி நேரம் கழித்தும் படமாக எடுக்க முடிகிறது. இடையில் நெஞ்சில் அழுத்தம் தோன்றியது. அடினோசின் இதை நோய் இல்லாதவர்களிடமும் உண்டாக்கும் என்பதால் அதற்குப் பொருள் கொடுக்கவில்லை.

தூண்டல் நிலைப் படம் இயல்பாக இருந்தால் ஓய்வு நிலைப் படத்தையே தவிர்க்கலாம் என்பதற்காக அதை முதலில் எடுத்தோம். அது இயல்பாக இல்லை. முன்சுவரிலும் நுனியிலும் அதை ஒட்டிய இடைச்சுவரிலும் மருந்து மிகக் குறைவாகவே சேர்ந்திருந்தது. சில மணி நேரம் கழித்து இரண்டாவது ஊசி போட்டு எடுத்த ஓய்வுப் படத்தில் அதே பகுதி பெரும்பாலும் நிறைந்திருந்தது. இடது கீழறையை 17 பகுதிகளாகப் பிரித்து மதிப்பெண் இடும் முறையில், இரண்டு படங்களின் வேறுபாடு 68-க்கு 11. ஏறத்தாழ 16 சதவீதத் தசை. 10 சதவீதத்தைத் தாண்டினாலே அதிக ஆபத்து என்று வகைப்படுத்துவது வழக்கம். மார்பகத்தின் நிழலாக இருந்தால் இரண்டு படங்களிலும் ஒன்றுபோலத் தெரிந்திருக்கும். கடத்தல் தடையின் விளைவாக இருந்தால் இடைச்சுவரோடு நின்று, நுனியைப் பெரும்பாலும் விட்டுவிடும். இரண்டும் பொருந்தவில்லை.

எனக்கு அதிகம் கவலை தந்தது வேறு. தூண்டல் நிலையில் இடது கீழறை ஓய்வில் இருந்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது, வேலைத்திறனும் 52-இலிருந்து 41 சதவீதமாக இறங்கியிருந்தது. படத்தில் தெரியும் குறைபாட்டைவிடப் பரவலான நோய் இருக்கலாம் என்பதற்கான அறிகுறிகள் இவை. எல்லாத் தமனிகளிலும் ஒரே அளவு குறுக்கம் இருந்தால் இந்த ஸ்கேன் அதைக் குறைத்தே காட்டும். ஒரு பகுதியை மற்றொரு பகுதியோடு ஒப்பிட்டுத்தான் இந்தப் படம் பேசுகிறது. அறிக்கை தட்டச்சாகும் வரை காத்திராமல் அன்று மாலையே இதய மருத்துவரை அழைத்துச் சொன்னேன்.

தொடர்ந்தவை

ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் அதிக அளவில், இதயத்தின் வேலைப் பளுவைக் குறைக்கும் பீட்டா தடுப்பான், தேவைப்படும்போது நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் ஆகியவை அன்றே தொடங்கப்பட்டன. அடுத்து ஆஞ்சியோகிராம் வேண்டுமா என்பதை இதய மருத்துவர் நோயாளியோடும் மகளோடும் அமர்ந்து பேசினார், நானும் உடனிருந்தேன். 2020-இல் வெளியான, 5,179 பேரிடம் நடந்த ‘இஸ்கீமியா’ ஆய்வின் முடிவை அவர் மறைக்கவில்லை: நிலையான நோய் உள்ளவர்களில், ஸ்கேன் கணிசமான குறைபாட்டைக் காட்டினாலும், உடனே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்வதால் மரணமோ மாரடைப்போ குறையவில்லை, நெஞ்சு வலி உள்ளவர்களுக்கு வலி நன்கு குறைந்தது. ஆனால் இடது முதன்மைத் தமனியில் குறுக்கம் உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. கீழறை விரிந்து தெரிந்த இவரிடம் அந்தக் குறுக்கம் இல்லை என்று உறுதிசெய்யாமல் ஆய்வின் முடிவைப் பொருத்திப் பார்க்க முடியாது. இந்த விளக்கத்துக்குப் பிறகு நோயாளியே ஆஞ்சியோகிராமுக்கு ஒப்புக்கொண்டார்.

சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை நிறுத்தப்பட்டு, நரம்பு வழியே உப்புநீர் ஏற்றப்பட்டு, சாயத்தை மிகவும் சிக்கனமாகப் பயன்படுத்தி ஆஞ்சியோகிராம் செய்யப்பட்டது. எந்தப் பகுதியைக் கவனிக்க வேண்டும் என்பது முன்பே தெரிந்திருந்ததால் குறைந்த எண்ணிக்கைப் படங்களே போதுமாயிருந்தன. இடது முதன்மைத் தமனி நன்றாக இருந்தது. முன்புறம் இறங்கும் தமனியின் தொடக்கத்தில் 90 சதவீதக் குறுக்கம். மருந்துகளோடும் படியேறினால் இறுக்கம் தொடர்ந்ததால் ஒரு ஸ்டென்ட் வைக்கப்பட்டது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு சற்று உயர்ந்து ஒரு வாரத்தில் பழைய அளவுக்குத் திரும்பியது.

ஒன்பது மாதங்கள் ஆகின்றன. முழங்கால் வலி உண்டு, இறுக்கம் இல்லை. அவருக்கும் ஆண்டு ஸ்கேன் திட்டமிடப்படவில்லை. கணவர் நலமாக இருக்கிறார். தன் ஸ்கேன் மறுக்கப்பட்டது என்றுதான் இன்னும் சொல்கிறார்.

மாற்றியவையும் மாறாதவையும்

எங்கள் பரிந்துரைச் சீட்டை மாற்றினோம். நோயின் பெயர் மட்டும் எழுதப்பட்ட சீட்டு இப்போது திருப்பி அனுப்பப்படுகிறது. என்ன தொந்தரவு, எவ்வளவு உழைப்பில் வருகிறது, இசிஜியில் கடத்தல் தடை அல்லது பேஸ்மேக்கர் உண்டா, நடக்க முடியுமா, முடிவு எப்படி வந்தால் சிகிச்சையில் எது மாறும் என்பவற்றைப் பரிந்துரைப்பவர் நிரப்ப வேண்டும். கடைசிக் கேள்விக்கு எதிர்ப்பு இருந்தது. சில மருத்துவர்கள் அதைத் தங்கள் தீர்ப்பைச் சந்தேகிப்பதாக எடுத்துக்கொண்டார்கள். அதை நீக்க நான் சம்மதிக்கவில்லை. கணவரின் இதய மருத்துவர் தம் மருத்துவமனைப் படிவத்திலிருந்து ஆண்டு ஸ்கேன் வரியை எடுத்துவிட்டார்.

காஃபின் விஷயத்தில் தவறு எங்களுடையது. நோயாளியிடம் கொடுக்கும் தாளில் பானங்கள் மட்டுமே இருந்தன, இப்போது தலைவலி, சளி மாத்திரைகளும் சேர்க்கப்பட்டுள்ளன. பரிசோதனைக்கு முன் எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுவரச் சொல்கிறோம். அந்த நான்கு நாட்களில் அவருக்கு மாரடைப்பு வந்திருந்தால் இந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும். அதே நாட்களில் பீட்டா தடுப்பானையாவது தொடங்கச் சொல்லியிருக்கலாம், படம் வரட்டும் என்று காத்திருந்தேன். அறிகுறி அவ்வளவு தெளிவாக இருந்தவரிடம் அந்தக் காத்திருப்பு சரியல்ல என்று இப்போது கருதுகிறேன்.

ஆஸ்துமா என்ற குறிப்பை நீக்கச் சொல்லி, நுரையீரல் பரிசோதனை முடிவோடு அவருடைய பழைய மருத்துவருக்குக் கடிதம் எழுதினோம். கோப்பின் முதல் பக்கத்தில் அது இன்னும் அப்படியே இருப்பதாகக் கடந்த மாதம் சொன்னார். கடிதத்தின் நகலை இசிஜி தாளோடு மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறார்.